டெமொலிசியோனில் ஃபஸ் பெட்டி இல்லை

பெரு நாட்டின் லிமாவில் 1965-ல் வெளிவந்த 'டெமொலிசியோன்' பாட்டைக் கேட்டதும், அந்தச் சத்தம் வேண்டுமென்று ஃபஸ் பெடல் (கிதார் ஒலியைக் கரகரவென்று நொறுக்கும் மிதிபெட்டி) தேடிக் கிளம்புகிறவர்கள் அதிகம். காசு வீண். அந்தப் பாட்டில் கிதார் கிட்டத்தட்ட சுத்தமாகத்தான் ஒலிக்கிறது. ஸ்ப்ரிங் ரிவெர்பில் (சுருள்கம்பி எதிரொலியில்) நனைந்த சர்ஃப் கிதார், அவ்வளவுதான். காட்டுத்தனம் முழுக்கப் பாடகனின் தொண்டையிலும் டிரம்ஸிலும் இருக்கிறது. நம்ப முடியாவிட்டால், குரல் நிற்கும் இடங்களில் கிதாரை மட்டும் கவனித்துக் கேளுங்கள்.

லோஸ் சைக்கோஸ் என்ற அந்த பேண்டு லிமாவின் லின்செ பகுதியில் 1964-ல் உருவானது. குரலும் கிதாரும் எர்வின் ஃப்ளோரெஸ், லீட் கிதார் ரோலாந்தோ கார்ப்பியோ, பேஸ் சேசார் காஸ்த்ரியோன், டிரம்ஸ் பான்ச்சோ குவேரா. டிஸ்பெரூ என்ற உள்ளூர் கம்பெனிக்காக ஆறு சிங்கிள், அதாவது பன்னிரண்டே பாட்டு பதிவு செய்தார்கள். 1966-ல் கலைந்துவிட்டார்கள். மற்றவர்கள் காதலியின் கண்ணைப் பாடிக்கொண்டிருந்த காலத்தில் இவர்களுடைய தலைப்புகள் கல்லறை, பூனைகளின் சவ அடக்கம், அல்கட்ராஸிலிருந்து தப்பியவன், பித்தருக்கு மாட்டும் கட்டுச்சட்டை என்று போகின்றன. 'டெமொலிசியோன்' பாட்டின் விஷயமே ரயில் நிலையத்தை இடித்துத் தள்ளுவதுதான். உலகின் முதல் பங்க் பேண்டு இவர்கள்தான் என்று ஒரு வாதம் உண்டு. லின்செயில் அதற்குத் தகடே பதித்திருக்கிறார்கள். அந்தச் சண்டை நமக்கு வேண்டாம். சத்தம் எப்படி வந்தது என்பதுதான் உபயோகமான கேள்வி.

முதல் காரணம் மொழி. ஸ்பானிஷில் அசைகள் ஏறக்குறைய ஒரே நீளத்தில் வரும், பெரும்பாலும் உயிரெழுத்தில் முடியும். 4/4 தாளத்தில் எட்டாம் பங்கு நோட்டுக்கு ஒரு அசை என்று ஆணி அடிப்பதுபோல் அடுக்கலாம். ஆங்கிலத்தில் சில அசைகளை விழுங்கி, சிலவற்றை இழுத்துத்தான் பாட முடியும். அதனால்தான் ஆங்கிலப் பாட்டை அப்படியே நகலெடுத்த பேண்டுகளைவிட, சொந்த மொழியில் கத்திய பேண்டுகள் கூர்மையாகக் கேட்கின்றன. உருகுவேயின் லோஸ் ஷேக்கர்ஸ் அற்புதமான இசைக்காரர்கள்தான், ஆனால் ஆங்கிலத்தில் பாடினார்கள். பீட்டில்ஸின் நல்ல தம்பிகளாகவே நின்றுவிட்டார்கள் என்பது என் கணக்கு. சண்டைக்கு வருகிறவர்கள் வரலாம்.

தமிழில் இந்தப் பாணியில், அதாவது கராஜ் ராக் என்ற கரடுமுரடான பாணியில், எழுத நினைப்பவர்களுக்கும் இதே வழிதான். நம் மொழியில் குறில் ஒரு மாத்திரை, நெடில் இரண்டு. குறிலுக்கு ஒரு எட்டாம் பங்கு, நெடிலுக்கு இரண்டு என்று வைத்துக்கொண்டு எழுதினால் வரி தானாகத் தாளத்தில் உட்காரும். ட்ட, க்க, ப்ப, த்த என்று ஒற்று இரட்டிக்கும் சொற்கள் ஸ்னேர் டிரம் அடி விழும் இரண்டாவது, நான்காவது எண்ணிக்கையில் வரட்டும். 'இடித்துத் தள்ளு' என்பதில் இருக்கும் அடி 'அன்பே' என்பதில் இல்லை. கெட்டுப்போவது எங்கே என்றால், குறிலை ஆங்கிலப் பாடகர் மாதிரி இழுக்கும்போது. 'விடு' என்பது 'வீடு' ஆகிவிடும். அர்த்தமும் போச்சு, தாளமும் போச்சு.

இரண்டாவது தொண்டை. ஃப்ளோரெஸின் கரகரப்பைப் பார்த்துவிட்டு, குரல்நாணை இறுக்கிக் கத்துகிறவர்கள் மூன்றாவது டேக்கில் (பதிவு முயற்சியில்) குரலை இழப்பார்கள். கரகரப்பு மூச்சின் அழுத்தத்திலிருந்தும், குரல்நாணுக்கு மேலே இருக்கும் மடிப்புகள் அதிர்வதிலிருந்தும் வரவேண்டும். கனமான ஒன்றைத் தூக்கும்போது தானாக வரும் முனகலை முதலில் மெல்லச் செய்து பார்த்து, அதன்மேல் சுருதியை ஏற்றுங்கள். வலித்தால் தவறாகச் செய்கிறீர்கள், அங்கேயே நிறுத்துங்கள். ஒரு நாளைக்கு நான்கு முழு டேக் போதும். அதிலும் இரண்டாவதுதான் பெரும்பாலும் பதிவுக்கு உகந்தது. முதலாவதில் தயக்கம், நான்காவதில் களைப்பு.

டிரம்ஸுக்குப் பெரிய செட் வேண்டாம். கிக் (காலால் அடிக்கும் பெரிய டிரம்), ஸ்னேர், ஒரு ஃப்ளோர் டாம், ஒரு சிம்பல். சிம்பலைக் குறைத்து டாமை அதிகம் அடித்தால் பாதி வேலை முடிந்தது. ஹை-ஹேட் என்ற ஜோடி சிம்பலைத் திறந்து வைத்துப் பாட்டு முழுக்கச் சாத்துகிறவர்தான் இந்தச் சத்தத்தின் முதல் எதிரி. குரல் இருக்கவேண்டிய உயர் அலைவரிசை முழுவதையும் அது தின்றுவிடும்.

ஃபஸ் உண்மையிலேயே வேண்டுமென்றால் லிமாவை விட்டு ஜப்பானுக்குப் போகவேண்டும். 1965-ல் அமெரிக்காவின் வெஞ்சர்ஸ் குழு அங்கே சுற்றி வந்தபின் நாடு முழுக்க 'எலெக்கி', அதாவது எலெக்ட்ரிக் கிதார் பைத்தியம் பிடித்தது. அதே ஆண்டு அஷிகாகா நகரக் கல்வி வாரியம் மாணவர்களுக்கு எலெக்ட்ரிக் கிதாரைத் தடைசெய்தது, மற்ற ஊர்களும் பின்பற்றின. தடை எதையும் அடக்கவில்லை. 1967, 68-ல் 'குரூப் சவுண்ட்ஸ்' என்ற பெயரில் பேண்டுகள் கொட்டின: ஸ்பைடர்ஸ், டெம்ப்டர்ஸ், மாப்ஸ், டைனமைட்ஸ், யோகோஹாமாவின் கோல்டன் கப்ஸ். கருவிக்கும் பஞ்சமில்லை. டெய்ஸ்கோ, குயாடோன் கிதார்கள், ஏஸ் டோன் கம்பெனியின் ஆர்கனும் ஆம்பும் உள்நாட்டிலேயே கிடைத்தன. அந்த ஏஸ் டோனைத் தொடங்கிய இக்குதாரோ காகேஹாஷிதான் 1972-ல் ரோலண்டையும் தொடங்கியவர்.

குரூப் சவுண்ட்ஸ் தட்டு வாங்கும்போது, அல்லது யூடியூபில் தேடும்போது, பி பக்கத்தை, அதாவது சிங்கிளின் மறுபக்கத்தைப் பாருங்கள். ஏ பக்கத்தைக் கம்பெனி தன் தொழில்முறைக் கவிஞரையும் இசையமைப்பாளரையும் வைத்து எழுதவைக்கும். பெரும்பாலும் வயலின் சேர்த்த சோகப் பாட்டு. பி பக்கம்தான் பையன்கள் கையில் விடப்படும். மாப்ஸின் முதல் சிங்கிளைத் திருப்பினால் 'பிளைண்ட் பேர்ட்' இருக்கிறது, கேட்டுப் பாருங்கள். டைனமைட்ஸின் 'டனல் தெங்கோகு' இதற்கு விதிவிலக்கு. அதில் ஏ பக்கமே ஃபஸ்தான்.

அந்த ஜப்பானியப் பெட்டிகளில் பெயர் பெற்றது ஷின்-எய் செய்து யூனிவாக்ஸ் பெயரில் விற்ற சூப்பர்-ஃபஸ். ஆறு டிரான்சிஸ்டர், சிக்னல் அலையின் கீழ்ப்பாதியையும் மேலே மடித்து ஒரு ஆக்டேவ் மேலே தூக்கும், இரண்டு ஜெர்மானியம் டயோடு அதன் தலையை வெட்டும். வீட்டில் முதல் முறையாகக் கட்டுகிறவருக்கு அது கொஞ்சம் அதிகம். லண்டனில் 1966-ல் வந்த ஃபஸ் ஃபேஸ் சர்க்யூட் எளிது: இரண்டு டிரான்சிஸ்டர், நான்கு ரெசிஸ்டர், மூன்று கெப்பாசிட்டர், இரண்டு பாட் (திருகி மாற்றும் ரெசிஸ்டர்). கராஜ் சத்தத்துக்கு அது தாராளம்.

பாகங்கள்: பிஎன்பி ஜெர்மானியம் டிரான்சிஸ்டர் இரண்டு (ஏசி128 நன்றாக இருக்கும், பழைய டிரான்சிஸ்டர் ரேடியோக்களின் ஆடியோ பகுதியில் இருக்கும்), ரெசிஸ்டர் 33 கிலோ ஓம், 8.2 கிலோ ஓம், 470 ஓம், 100 கிலோ ஓம் ஒவ்வொன்று; கெப்பாசிட்டர் 2.2 மைக்ரோஃபாரட், 22 மைக்ரோஃபாரட், 0.01 மைக்ரோஃபாரட்; ஃபஸ் பாட் 1 கிலோ ஓம், வால்யூம் பாட் 500 கிலோ ஓம். 8.2-க்குப் பதிலாக 20 கிலோ ஓம் டிரிம் பாட் (ஸ்க்ரூ டிரைவரால் திருகும் சின்ன பாட்) போடுவது புத்திசாலித்தனம், காரணம் கீழே வருகிறது. சென்னை ரிச்சி தெருவில் டிரான்சிஸ்டர் தவிர மற்ற எல்லாம் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும்.

இணைப்பு இப்படி. டிரான்சிஸ்டரின் மூன்று கால்கள் பேஸ், எமிட்டர், கலெக்டர். கிதார் சிக்னல் 2.2 கெப்பாசிட்டர் வழியாக முதல் டிரான்சிஸ்டரின் பேஸுக்கு. அதன் எமிட்டர் நேராகக் கிரவுண்டுக்கு. கலெக்டர் 33 கிலோ ஓம் வழியாக பேட்டரியின் மைனஸுக்கும், நேரடியாக இரண்டாவது டிரான்சிஸ்டரின் பேஸுக்கும். இரண்டாவதன் எமிட்டர் 1 கிலோ பாட் வழியாகக் கிரவுண்டுக்கு. அந்த 1 கிலோ பாட்-டின் நடு முனையிலிருந்து 22 மைக்ரோஃபாரட் கிரவுண்டுக்கு. அதே எமிட்டரிலிருந்து 100 கிலோ ஓம் முதல் டிரான்சிஸ்டரின் பேஸுக்குத் திரும்பி வரும். இரண்டாவதன் கலெக்டரிலிருந்து டிரிம் பாட், அதற்கடுத்து 470 ஓம், பிறகு மைனஸ். டிரிம் பாட்டும் 470-ம் சேரும் இடத்திலிருந்து 0.01 வழியாக வால்யூம் பாட்டுக்கு, அங்கிருந்து வெளியே.

பிஎன்பி என்பதால் பேட்டரியின் பிளஸ்தான் கிரவுண்டு. பாதிப் பேர் இங்கேதான் சறுக்குகிறார்கள். 22 மைக்ரோஃபாரட்டின் பிளஸ் முனை கிரவுண்டு பக்கம், 2.2-ன் பிளஸ் முனை கிதார் பக்கம். இன்னொரு ஆபத்து, மற்ற பெடல்களோடு ஒரே அடாப்டரில் சங்கிலி போட்டு மாட்டுவது. அவற்றில் மைனஸ் கிரவுண்டு, இதில் பிளஸ் கிரவுண்டு. ஜாக் கேபிளின் வழியே இரண்டும் இணைந்து அடாப்டர் ஷார்ட் ஆகும். தனி 9 வோல்ட் பேட்டரி போடுங்கள். சில வாரங்கள் தாராளமாக வரும்.

டிரான்சிஸ்டரைத் தேர்ந்தெடுப்பதுதான் உண்மையான வேலை. ஜெர்மானியத்தில் மின்கசிவு உண்டு, மலிவான மல்ட்டிமீட்டர் அதையும் கெயின் (சிக்னலைப் பெருக்கும் அளவு) என்று எண்ணிவிடும். சரியான அளவுக்கு: எமிட்டரை 9 வோல்ட்டின் பிளஸில் மாட்டுங்கள். கலெக்டரிலிருந்து மைனஸுக்கு 2.2 கிலோ ஓமும் 270 ஓமும் தொடராக, மொத்தம் 2.47 கிலோ ஓம். பேஸைத் தொங்கவிட்டு அந்த ரெசிஸ்டர்களுக்குக் குறுக்கே வோல்ட்டேஜ் பாருங்கள். 0.3 வோல்ட் வந்தால் கசிவு சுமார் 120 மைக்ரோஆம்பியர். இப்போது பேஸிலிருந்து மைனஸுக்கு 2.2 மெகா ஓம் மாட்டுங்கள். 1.2 வோல்ட் காட்டினால், 1.2-லிருந்து 0.3 கழித்து நூறால் பெருக்குங்கள். உண்மையான கெயின் 90. மீட்டரை நம்பியிருந்தால் 120 என்று ஏமாந்திருப்பீர்கள். முதல் இடத்துக்கு 70 முதல் 80, இரண்டாவதுக்கு 110 முதல் 130 நல்லது. கசிவு 200 மைக்ரோஆம்பியருக்கு மேல் இருந்தால் ஒதுக்கிவிடுங்கள். கையால் தொட்டவுடன் அளக்காதீர்கள். விரல் சூட்டிலேயே எண் ஏறும். ஒரு நிமிடம் ஆறட்டும்.

நம் ஊர் பிரச்சினையும் இதுதான். ஜெர்மானியத்தின் கசிவு ஏறக்குறைய ஒவ்வொரு 10 டிகிரிக்கும் இரட்டிக்கும். ஏசி அறையில் இரண்டாவது டிரான்சிஸ்டரின் கலெக்டரில் 4.5 வோல்ட் வரும்படி டிரிம் பாட்டைத் திருகி வைத்துவிட்டு, மே மாதம் மொட்டைமாடிக் கச்சேரிக்குக் கொண்டுபோனால் அந்த 4.5 எங்கோ போயிருக்கும். ஒலி நசுங்கும், நோட்டு பாதியில் அறுந்துபோகும். சரிசெய்ய டிரிம் பாட்டுக்கு நேராகப் பெட்டியில் ஒரு துளை போட்டு, சின்ன ஸ்க்ரூ டிரைவர் ஒன்றைக் கிதார் பையில் வைத்திருங்கள். இந்த வெயில் தொல்லையே வேண்டாம் என்றால் பிசி108 சிலிக்கான் டிரான்சிஸ்டர் போடலாம். அப்போது என்பிஎன், பேட்டரியையும் எலெக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர்களையும் திருப்பிப் போடவேண்டும், மைனஸ் கிரவுண்டு ஆகிவிடும். சிலிக்கான் கூர்மையாக, கொஞ்சம் எரிச்சலாக ஒலிக்கும். கராஜுக்கு அது குறை இல்லை. ரேடியோ ஸ்டேஷன் உள்ளே புகுந்து பாடினால், டிரான்சிஸ்டரின் பேஸுக்கும் கலெக்டருக்கும் நடுவே 100 முதல் 470 பிக்கோஃபாரட் ஒன்றை வையுங்கள்.

பற்றவைக்கும்போது ஜெர்மானியத்தின் கால்களை வெட்டாமல் ஒரு சென்டிமீட்டராவது விடுங்கள். டிரான்சிஸ்டருக்கும் சால்டரிங் முனைக்கும் நடுவே முதலை கிளிப் ஒன்றைக் கடிக்கவிட்டால் சூட்டை அது வாங்கிக்கொள்ளும். கட்டி முடித்தபின் ஃபஸ்ஸைக் கிதாருக்கு அடுத்ததாகவே மாட்டுங்கள். நடுவில் பஃபர் (சிக்னலை வலுவாக்கித் தரும்) பெடலோ வயர்லெஸ்ஸோ வந்தால், கிதாரின் வால்யூமைக் குறைத்தால் சத்தம் தெளியும் அந்த அழகு போய்விடும். இந்தச் சர்க்யூட் பிக்கப்போடு (கம்பியின் அதிர்வை மின்சிக்னலாக்கும் காந்தச்சுருளோடு) நேராகப் பேசினால்தான் உயிர். ரிவெர்ப் இருந்தால் ஃபஸ்ஸுக்குப் பின்னால். மாற்றிப் போட்டால் எதிரொலியும் சேர்ந்து நொறுங்கிச் சேறாகிவிடும்.

மலிவான பழைய கிதாரில் ஃபஸ்ஸை மிதித்ததும் விசில் அடித்தால் பெடல்மேல் பழி போடாதீர்கள். பிக்கப்பின் கம்பிச்சுருள் மெழுகில் தோயாமல் தளர்வாக இருப்பதுதான் காரணம். பாரஃபின் மெழுகு நான்கு பங்கு, தேன்மெழுகு ஒரு பங்கு, தண்ணீர்ப் பாத்திரத்துக்குள் வைத்த இன்னொரு பாத்திரத்தில் 65 டிகிரி. பிக்கப்பை 10 முதல் 15 நிமிடம், குமிழி வருவது நிற்கும்வரை முக்கி எடுங்கள். 70-ஐத் தாண்டினால் பிளாஸ்டிக் வளையும். மெழுகை நேராக அடுப்பில் வைத்தால் தீப்பிடிக்கும், விளையாட்டில்லை.

துருக்கி வேறொரு பாடம். அங்கே ஹுரியெத் பத்திரிகை 1965 முதல் 1968 வரை 'அல்தின் மிக்ரோஃபோன்' என்ற போட்டி நடத்தியது. நிபந்தனை சுவாரசியமானது: மேற்கத்தியக் கருவிகள் இருக்கவேண்டும், பாட்டு துருக்கியாக இருக்கவேண்டும், நாட்டுப்பாடலின் புது வடிவமோ, துருக்கி வரியில் சொந்தப் பாட்டோ. இறுதிக்கு வந்தவர்கள் ஊர் ஊராகப் போனார்கள், சிங்கிளும் வெளிவந்தது. மாவி இஷிக்லார், சிலுயெத்லர், ஜெம் கராஜா பாடிய அபாஷ்லார், மோகொல்லார் எல்லாம் அந்த மேடையில் ஏறியவர்கள். ஒரு போட்டி விதி ஒரு நாட்டின் ராக்கையே திருப்பிவிட்டதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

அனத்தோலிய நாட்டுத் தாளங்களில் ஒன்பது எண்ணிக்கை அடிக்கடி வரும்: 2+2+2+3. மேற்கத்திய டிரம்மர் இதை நாலரை என்று எண்ணி, களைத்துப்போய் நான்காக மழித்துவிடுவார். நமக்கு அந்தக் கஷ்டமே கிடையாது. தக தக தக தகிட. அவ்வளவுதான். முதல் மூன்று 'த'விலும் கிக், 'தகிட'வின் 'த'வில் ஸ்னேர் என்று வைத்து, கிதார் ரிஃப்பை அதற்குள் அடக்குங்கள். வேகம் கூடும்போது கடைசி மூன்றைச் சுருக்கத் தோன்றும். ஒத்திகையில் வாயால் சொல்லிக்கொண்டே அடித்தால் சுருங்காது.

இனி பதிவு. எல்லோரும் ஒரே அறையில், ஒரே நேரத்தில். ஆம்ப் 5 முதல் 15 வாட், ஒலி முக்கால் பங்கு திறந்து. ஸ்னேர் சத்தத்தை மிஞ்சாத ஆம்ப்தான் சரியான அளவு. டிரம்ஸுக்கு ஒரே மைக், எஸ்எம்57 மாதிரி சாதாரண டைனமிக் போதும். கிக்குக்கும் ஸ்னேருக்கும் நடுவே, முழங்கால் உயரத்தில், செட்டிலிருந்து இரண்டடி தள்ளி. ஸ்னேர் குறைவாகக் கேட்டால் மிக்ஸரைத் தொடாமல் மைக்கை நான்கு விரல் நகர்த்துங்கள். கிதார் ஆம்ப் அந்த மைக்கைப் பார்க்காமல் சுவரைப் பார்க்கட்டும். கிளிக் டிராக் (காதில் ஒலிக்கும் தாள எண்ணிக்கை) வேண்டாம்; கடைசிக் கோரஸ் கொஞ்சம் ஓடினால் ஓடட்டும்.

குரலை மட்டும் பிறகு சேர்க்கலாம். அதில் கரகரப்பு கூட்ட நினைத்து ஆடியோ இன்டர்ஃபேஸைச் சிவப்பு விளக்குவரை தள்ளாதீர்கள். டிஜிட்டல் கிளிப் கண்ணாடி உடைவதுபோல் ஒலிக்கும். பதிவான குரலைச் சின்னக் கிதார் ஆம்ப் ஒன்றின் வழியே மறுபடி ஒலிக்கவிட்டு, அதன் முன் மைக் வைத்து எடுங்கள். அசல் குரலோடு அதைக் கலக்கும்போது குரல் மெலிந்துபோனால் ஒரு டிராக்கின் ஃபேஸை (அலையை மேல்கீழாக) திருப்புங்கள், அல்லது தாமதத்தைக் கண்ணால் பார்த்து நேராக்குங்கள்.

மிக்ஸ் மோனோவில். லோஸ் சைக்கோஸ் தட்டுகளும் மோனோதான். இடது வலது பிரித்தால் டிரம்ஸும் கிதாரும் தனித்தனியே நின்று மெலிந்து தெரியும். ஒரே ஸ்பீக்கரில், அதுவும் மொபைல் ஸ்பீக்கரில் போட்டுக் கேளுங்கள். பேஸ் காணாமல் போயிருந்தால் பேஸ் ஒலியைக் கூட்டவேண்டாம். 700 ஹெர்ட்ஸ் சுற்றி இரண்டு டெசிபல் ஏற்றினால் விரல் படும் சத்தம் மேலே வந்து, இல்லாத பேஸையும் காது கேட்டுக்கொள்ளும். பாட்டு இரண்டரை நிமிடத்தைத் தாண்டினால் இரண்டாவது சோலோவை வெட்டுங்கள்.